கோவிந்தன் மாமா கொண்டுபோன பில்லை

1898 ஜூலை 10, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். தட்டிச் சுவரெல்லாம் ஈரம். வெள்ளைப் பாவாடை காயவில்லை, அதையே உடுத்திக்கொண்டு சபைக்குப் போனேன்.

புறப்படும் முன் அப்பா தம் வேலை எண் பொறித்த பித்தளைப் பில்லையைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் மாமாவிடம் கொடுத்தார். எல்லா ஞாயிறும் நடப்பதுதான். ஓய்வுநாளில் அப்பா சுரங்கத்தில் இறங்கமாட்டார். அவர் எண்ணில் மாமா இறங்குவார். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மாமாவின் பில்லையோடு அப்பா இறங்குவார். மேஸ்திரிக்குத் தெரியும். சுரங்கத்தை நடத்தும் கேப்டன் துரைக்குத் தெரியாது.

மாமா வழக்கம்போல் கேலி: “இன்னா தாசண்ணே, உன் சாமி வாரத்துல ஒரு நாள் படுத்துக்குது. என் சாமி தெனம் முழிச்சிக்கினு கீது. அதான் நான் போறேன்.” அப்பாவும் சிரித்தார்.

பிரசங்கத்தின் நடுவே தரை அதிர்ந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்புறம் சுரங்கத்தின் அபாயச் சங்கு. யாரோ வாசலில் ஓடிவந்து, “கல்லு சரிஞ்சிப்போச்சு! எல்லாரும் ஏறிட்டாங்க, தாசு மட்டும் மாட்டிக்கினாரு!” அப்பா என் கண்ணெதிரே ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

உடனே ஸ்தோத்திரம் சொன்னேன், மனதுக்குள், திரும்பத் திரும்ப. அதற்கப்புறம்தான் மாமாவின் ஞாபகம்.

ஜூலை 11, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. பலப்பம் தீர்ந்துவிட்டது.

மத்தியானமே கல் அகற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் மேஸ்திரி வந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

“பில்லை உன்னுது. நீ உசிரோட கீற. அப்போ உள்ள யாரும் இல்ல. வயித்து வலின்னு நீ முன்னாடியே ஏறி வந்துட்டதா துரைகிட்ட சொல்லிட்டேன்.”

“கோவிந்தன்?”

“ஊருக்கு ஓடிட்டான். அவ்ளோதான். வாயைத் தொறந்தா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும், இந்த வூடும் போவும். பொண்ணு படிக்குதில்ல?”

அப்பா உள்ளே வந்து படுத்துக்கொண்டார். மாமாவோடு இறங்கிய ஆட்களும் துரையிடம் உண்மையைச் சொல்லவில்லை. பில்லை மாற்றாதவர் அவர்களில் யார்?

மாமாவின் மனைவி கன்னியம்மா அத்தை பகல் முழுவதும் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் அருகே நின்றிருக்கிறார். வீட்டு ஆணியில் மாட்டியிருந்த மாமாவின் பில்லையைக் கையில் எடுத்துப் போயிருந்தார், அடையாளம் காட்ட. காவல்காரன் அதையே காட்டித் துரத்தினானாம்: “இதோ உன் கையிலயே கீதே. பில்லை இல்லாம எவன்மா இறங்குவான்?”

ஜூலை 12, செவ்வாய்

மழை இல்லை. காற்று. எங்கள் சிவப்புக் கோழியைக் காணோம்.

சபை உபதேசியார் வந்தார். நாளை சாயங்காலம் ஸ்தோத்திரக் கூட்டம். ஓய்வுநாளைக் காத்தவரைத் தேவன் காத்தாராம். நான் வசனம் ஒப்புவிக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டில் அத்தை அழுதுகொண்டிருந்தார். உபதேசியார் ஜெபத்தில் குரலை உயர்த்திக்கொண்டார்.

“ஐயா, கோவிந்தன் மாமாவை ஏன் காக்கவில்லை?”

“அதெல்லாம் நாம கேக்கக் கூடாதும்மா.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்பா இன்றும் சாப்பிடவில்லை. படுக்கும்போது ஆறுதல் தாரும் என்று கேட்டேன். வரவில்லை. ஆறுதல் வேண்டாம், அப்பாவுக்குப் பேச வாய் தாரும் என்று மாற்றிக் கேட்டேன்.

ஜூலை 13, புதன்

கூட்டம். எல்லாருக்கும் சுக்குக் காப்பி. அப்பாவுக்கு மாலை போட வந்தார்கள். தலையைக் குனியவே இல்லை, கையில் வாங்கிக்கொண்டார்.

ஒப்புவிக்க எழுந்தேன். அப்போது கன்னியம்மா அத்தை உள்ளே வந்தார். இதற்கு முன் ஒரு நாளும் வந்ததில்லை. பெண்கள் பாயின் ஓரத்தில் நின்று, எல்லாரும் கேட்க என்னிடம்:

“பாப்பா, எங்க அம்மன்கிட்ட கேட்டுட்டேன். பதில் இல்ல. உங்க சாமியக் கேட்டுச் சொல்லு. எங்க வூட்டுக்காரு எங்க கீறாரு?”

வசனம் எல்லாம் மறந்துபோயிற்று. மறந்தது என்பதும் பொய். வாயில் இருந்தது, சொல்ல முடியவில்லை.

அப்பா எழுந்தார். “என் பில்லையோட இறங்கினது கோவிந்தன். உள்ளதான் கீறான்.”

உபதேசியார், “இரு தாசு, ஜெபம் முடியட்டும்” என்றார். அப்பா நிற்கவில்லை. மாலையைப் பாயில் வைத்துவிட்டுத் துரை பங்களாவுக்கு நடந்தார். அத்தை பின்னாலேயே ஓடினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. கல் சரிந்து மூன்று நாள் கழித்து.

ஜூலை 14, வியாழன்

மறுபடி கல் அகற்றுகிறார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. மேஸ்திரிக்கும். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேஸ்திரி பெண்டாட்டி எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அம்மா: “ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சாங்களே, இப்போ ஒருத்தர் வந்து எட்டிப் பாக்குறாங்களா பாரு.”

ஒருவரும் வரவில்லை. தேவனுடைய வீட்டில் அப்பா அவமானம் உண்டாக்கிவிட்டார் என்று சபையில் பேச்சாம்.

ஜூலை 15, வெள்ளி

மாமாவைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கல் அவர் மேல் விழவில்லை. வழியைத்தான் அடைத்திருந்தது. மெழுகுவர்த்திகளைக் கடைசித் துண்டு வரை எரித்திருந்தாராம். இதை வெளியே சொன்ன ஆளை மற்றவர்கள் அடக்கினார்கள். அதற்குள் அப்பா காதில் விழுந்துவிட்டது.

எங்கள் பில்லை அவர் அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருந்தது. அத்தை அவிழ்த்துக்கொண்டார்.

இன்று ஜெபம் இல்லை.

ஜூலை 16, சனி

வெயில். சாமான்: பெட்டி ஒன்று, பாய்ச் சுருட்டு, அம்மி (அம்மா விடமாட்டேன் என்றாள்), என் புத்தகங்கள். சிவப்புக் கோழி கிடைக்கவே இல்லை.

பில்லையை ஒப்படைக்காமல் கணக்கு முடிக்க மாட்டேன் என்றார் குமாஸ்தா. அத்தையிடம் போய்க் கேட்க எங்களில் ஒருவருக்கும் கால் எழவில்லை. அவராகவே வந்தார். அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. பில்லையையும் ஒரு துணி மூட்டையையும் என் மடியில் வைத்தார்.

“உங்கப்பன் மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன். ஆனா சொன்னாரு. சொல்லலன்னா எம்புருசன் ஓடிப்போனவனாவே இருந்திருப்பான்.” மூட்டையைத் தொட்டுக் காட்டினார். “களி கீது. ரயில்ல பசிக்கும், துன்னு. உங்க சாமி குடுத்தனுப்பிச்சாருன்னு சொல்லிக்காத. நான்தான் கிண்டினேன்.”

பில்லையைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு மாரிகுப்பத்தில் ரயில் ஏறினோம். இதை ரயிலில் எழுதுகிறேன். மூட்டையைப் பிரித்தாயிற்று. களி இன்னும் சூடாக இருக்கிறது. மூன்று உருண்டை, ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா, “ஜெபம் பண்ணு எஸ்தரு, ஆறிடப்போவுது” என்கிறாள். கண்ணை மூடினேன். கன்னியம்மா அத்தையின் பெயரைச் சொன்னேன். அடுத்துத் தேவனுடைய பெயர் வரவில்லை. அப்பா, “ஆமென்” என்று சொல்லிவிட்டுக் கை நீட்டினார்.