டிக்கியில் இருந்த இரண்டு மூட்டைகள்

குரோய்டன், லண்டன்
ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கஜந்தினிக்கு,

இங்கே என் உடம்புக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மூச்சு வருகிறது, சோறு இறங்குகிறது, பிரஷர் குளிசையும் தவறாமல் போடுகிறேன். உன் சுகமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், எனக்கோ இப்போது ஆவலைவிடப் பயம்தான் கூட, நான்கு மாதமாக நீ "ஓகே அம்மா" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அனுப்பவில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் சொல்ல வேண்டியது போனில் வராது, உன் முகம் அந்தச் சின்னச் சதுரத்தில் தெரிந்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போன பிள்ளை நீ, ஆனாலும் கையெழுத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். விளங்காத இடத்தைத் திரும்ப வாசி, வேறு யாரிடமும் காட்டிக் கேட்காதே.

வீடு அப்படியேதான் இருக்கிறது. முன்னால் கார் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய வான் வண்டியை விடலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார், நான் கதவை அடித்துச் சாத்திவிட்டேன், பிறகு வெட்கப்பட்டு அடுத்த நாள் போய் விடச் சொன்னேன். வேதவல்லி மாமி புதன்கிழமைகளில் வருகிறா, என்னோடு கோயிலில் சமைத்தவ, உனக்குத் தெரியும், அவவும் முன்பு போலக் கதைப்பதில்லை, இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆஸ்திரேலியாவில் எல்லாம் தலைகீழ்தானே, பெர்த்தில் இப்போது மாரிக் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, தொடர்ந்து நைட் டியூட்டி எடுக்காதே. நித்திரை வராதவர்கள்தான் நைட் டியூட்டியைக் கேட்டு வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியும், டாக்டர் நீ மட்டும் இல்லை.

போன கிழமை கொரோனர் அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது, அப்பாவின் மரண விசாரணை இம்மாதம் இருபத்தைந்தாம் திகதி வியாழக்கிழமை. அதற்குள் நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியும் இருந்தது. நீ வாக்குமூலம் கொடுத்ததே எனக்குத் தெரியாது மகள். கண்ணாடியைப் போட்டு மூன்று தரம் வாசித்தேன். அன்று வெளிக்கிட முன் அப்பா உன்னை வீடியோவில் கூப்பிட்டு, ஸ்நோ கொட்டுது, காரை எடுக்கலாமோ என்று கேட்டதும், "அரிசி கிடக்கோ அப்பா?" என்று நீ கேட்டதும், அவர் டிக்கியைத் திறந்து போனை உள்ளே பிடித்து இரண்டு மூட்டையையும் காட்டியதும், "கிடக்குத்தானே, அப்ப போங்கோ, ரெண்டாம் கியரில எடுங்கோ, வளைவில பிரேக்கில கால் வையாதேங்கோ" என்று நீ சொன்னதும், எல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில், கண்ணால் பார்த்துவிட்டு நான்தான் போகச் சொன்னேன், என் சொல்லைக் கேட்டுத்தான் அவர் போனார் என்று எழுதியிருக்கிறாய். இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றாயா? பத்து நாளில் விமானம் ஏறினாயா?

இனி நான் சொல்கிறேன், நீ கேள். அந்த நீலக் காரை நீ வாங்கி வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டு பேர் இருக்கிற கார் ஒரு குடும்பத்துக்கு எதற்கு என்று கத்தினேன். அப்பாவோ சின்னப் பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் மாரியில் பனி கொட்டியபோது நீ ஆஸ்பத்திரிக்குப் போக வெளிக்கிட்டு, கார் வாசலிலேயே பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கும். இது பின் சில்லு தள்ளுகிற கார், எஞ்சினின் பாரம் முழுக்க முன்னுக்கு, பின்னுக்குப் பாரம் இல்லாவிட்டால் சில்லு பனியைப் பிடிக்காது என்று அப்பா சொன்னார், இருபத்திரண்டு வருஷம் டெலிவரி வான் ஓடிய மனிசன், அவருக்குத் தெரியாதா. உள்ளே போய் என் சமையலறையிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் போட்டார், கார் பூனை மாதிரிப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் கார்த்திகை விளக்கு வைக்கிறோமோ இல்லையோ அரிசி ஏற்றுவோம். வேறு வீடுகளில் பனிக்கு ரயர் மாற்றுவார்கள், எங்கள் வீட்டில் அரிசி. நீ பெர்த்துக்குப் போய், எங்கள் பழைய காரையும் கொடுத்த பிறகு, அந்தக் கார்தான் அவருக்கு எல்லாம்.

தைப்பூசத்து அன்னதானத்துக்கு இரண்டு மூட்டை அரிசி தருவதாக விம்பிள்டன் கோயிலில் நான் சொல்லிவிட்டேன். அப்டன் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கேதான் நல்ல அரிசி என்று அப்பாவிடம் மூன்று கிழமையாகச் சொன்னேன். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார், கடவுளுக்கு என்ன பசியோ என்று பகிடி வேறு. டிக்கியில் இருக்கிறதை எடுக்கட்டுமா என்று கேட்டேன், அதில் கை வைக்க வேண்டாம், அது காரின் அரிசி என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாமிக்கு இல்லாத அரிசி காருக்கோ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸில் கண் கிளினிக்குக்குப் போன நேரம் வேதவல்லி மாமியை வாளிகளோடு வரச் சொன்னேன். மூட்டையின் தையலைப் பிரித்து அரிசி முழுவதையும் வாளிகளில் கொட்டி அவவின் காரில் ஏற்றினோம்.

வெறும் சாக்கைக் கண்டால் அவர் சத்தம் போடுவார் என்று, உன் அறை அலுமாரியில் இருந்த பழைய உடுப்புகளையும் கிழிந்த டூவே போர்வை ஒன்றையும் அந்தச் சாக்குகளுக்குள் திணித்தேன் மகள். இறுக்கித் திணித்து, அதே வெள்ளை நூலால் அதே மாதிரித் தைத்து, டிக்கியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். அடுத்த கிழமை புது அரிசி வாங்கி மாற்றிவிடலாம், அவருக்குத் தெரியவே வராது என்பது என் கணக்கு. அசல் மூட்டை மாதிரியே இருந்தது. நானும் வேதவல்லி மாமியும் வாசலில் நின்று வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது.

பூசத்தன்று, ஞாயிறு காலையில் நான் ட்ராமில் கோயிலுக்குப் போகும்போது வானம் வெளித்துத்தான் இருந்தது. பத்து மணிக்குப் பிறகு கொட்டத் தொடங்கியது, மதியத்துக்குள் ட்ராமும் இல்லை பஸ்ஸும் இல்லை. வேதவல்லி மாமியின் வீடு கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம், என்னோடு வந்து படும் அக்கா, நாளைக்குப் போகலாம் என்று அவ கெஞ்சினா. எனக்கு என் வீட்டுக் கட்டில்தான் வேண்டும் என்று அப்பாவுக்குப் போன் அடித்தேன். வாறன் என்றார், அவ்வளவுதான். எனக்கு மூட்டையின் நினைவே வரவில்லை, சாமி சத்தியமாக அந்த நேரம் வரவில்லை. பிறகு அவர் வெளிக்கிடும்போது திரும்பப் போன் எடுத்தார். நான் கடைசிப் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன், ஒரு கையில் போன், மற்றக் கையில் சோற்றுக் கரண்டி. "இஞ்சேரும், வெளிக்கிடுறன், அரிசி கிடக்கு, ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார்.

அந்த நேரம் நினைவு வந்தது. என் முன்னால் கிடாரத்தில் அந்த அரிசிதான் சோறாகிக் கிடந்தது. டிக்கியில் அரிசி இல்லை, வராதேங்கோ, நான் வேதவல்லியோடு நிற்கிறன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அப்பாவின் குரல் உனக்குத் தெரியும், போனுக்கு வெளியேயும் கேட்கும். களவாக எடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தாயோ என்று அவர் கத்துவார், இவர்கள் எல்லோரும் கேட்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் "மெல்ல வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் புருஷனின் உயிரைவிட அந்த மண்டபத்தில் என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது, இதற்கு வேறு பெயர் இல்லை, நானும் தேடிப் பார்த்தேன்.

இறக்கத்து வளைவில் காரின் பின்பக்கம் சுழன்று, அவர் இருந்த பக்கமாகவே மரத்தில் மோதியது. வேகமும் அதிகமில்லை என்று பொலிஸ் எழுதியிருக்கிறது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதற்கு மட்டும் கும்பிடுகிறேன். காரிலிருந்த பொருட்களைத் திருப்பித் தந்தபோது அந்த இரண்டு மூட்டைகளையும் தந்தார்கள். அரிசிச் சாக்கில் ஏன் உடுப்பு என்று அந்தப் பொலிஸ் பிள்ளை கேட்டது, தர்மக் கடைக்குக் கொடுக்க வைத்தது என்று சொன்னேன். அது முதல் பொய். போன செவ்வாய்க்கிழமை கொரோனர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்தா, நல்ல பண்பான குரல். உங்கள் மகள் அரிசி மூட்டையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறா, காரில் இருந்ததோ உடுப்பு, ஒருவேளை மகள் பயப்படாமல் இருக்க உங்கள் கணவர் அப்படிச் செய்து காட்டியிருப்பாரா என்று கேட்டா. எனக்குத் தெரியாது என்றேன். அது இரண்டாவது பொய், முதலாவதைவிடக் கேவலமானது. செத்துப்போன மனிசனைப் பொய்யன் ஆக்குகிற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறார்கள், பெண்சாதி நான் தெரியாது என்கிறேன். இந்த விபரம் எல்லாம் இன்னும் பத்து நாளில் உனக்கும் அனுப்புவார்களாம். அதை நீ அவர்களின் கடிதத்தில் வாசிக்க முன் என் கடிதம் வர வேண்டும் என்றுதான் இன்றைக்கே இருந்து எழுதுகிறேன், தபாலுக்கும் ஒரு கிழமை வேண்டும்தானே.

காரைச் சோதித்த ஆள் தன் அறிக்கையில் ரயரைத்தான் குறை சொல்கிறார், அது கோடைக்கு உரிய ரயராம், பனியில் பிடிக்காதாம். நாற்பது கிலோ பாரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதவில்லை, நாற்பது கிலோ இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே. ஒன்றும் வித்தியாசம் வந்திராது என்றும் சொல்லலாம், மனிசன் வீட்டுக்கு வந்திருப்பார் என்றும் சொல்லலாம். அதை நான் சாகும்வரை அறியப் போவதில்லை. நாளைக்குக் காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொல்லப் போகிறேன். விசாரணையிலும் எழுந்து நின்று சொல்வேன், மொழிபெயர்க்கிறவர் வேண்டாம், எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் அதற்குக் காணும். வேதவல்லி மாமியின் பேரை இழுக்க மாட்டேன், அவ வாளி பிடித்தவ மட்டும்தான். கோயில் பக்கம் நான் இன்னும் போகவில்லை, சாமியோடு கோபம் இல்லை, அந்தச் சோற்று மணம் தாங்க முடியவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. என்னோடு கதைக்காமலே விடு, அது உன் விருப்பம், நான் தாங்குவேன், தாங்கத்தானே வேண்டும். ஆனால் என் பிழையை நீ தூக்கிக்கொண்டு திரியாதே, அது உன்னுடையது இல்லை. நீ சரியான கேள்வியைத்தான் கேட்டாய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். அப்பாவும் உனக்குப் பொய் காட்டவில்லை மகள். அவர் எதை நம்பினாரோ அதைத்தான் உனக்கும் காட்டினார்.

அந்த மூட்டைகள் இரண்டும் உன் அறையில்தான் இருக்கின்றன, பொலிஸ் வெட்டிப் பார்த்த வாயோடு. ஒன்றில் மேலாக உன் பள்ளிக்கூடத்துப் பச்சை ஜம்பர் தெரிகிறது. எடுத்து மடித்து வைக்கக் கை வரவில்லை, எறியவும் மனமில்லை, நீ வந்து சொல்கிறபடி செய்யலாம்.

நீ நெடுங்காலம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்க வேண்டும், பிள்ளையார் உன்னோடு நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இருபத்தைந்தாம் திகதி வீடியோவில் வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாயாம், நான் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள், பாதகமில்லை, இணைப்பை மட்டும் வெட்டிவிடாதே. மறக்காமல் ஒன்று செய். உன் வாக்குமூலத்தில் நான்தான் போகச் சொன்னேன் என்ற வசனத்துக்குக் கீழே இன்னொரு வசனம் எழுதி அனுப்பு, நான் பார்த்தது அரிசி இல்லை, அம்மா தைத்து வைத்தது என்று.

இப்படிக்கு,
தைத்த கையாலேயே இதையும் எழுதும் உன் அம்மா,
செல்வமலர் அம்பலவாணன்