குடல்புண் என்று சொன்னீர்கள்

பேராவூரணி
3.8.2025

அன்பு மகள் செம்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற கமருன்னிஸா டீச்சர் பக்கத்தில்கூட இல்லை. இந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது. நீ போன் பண்ணாமல் தாளில் பதில் எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு.

ஆற்றுத் தண்ணீர் நம் கடைமடைக்கும் வந்துவிட்டது. உன் அண்ணன் அன்பரசன் என்னை வரப்பில் இறங்க விடுவதில்லை. இறங்கினாலும் பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிறேன். தஞ்சாவூர் இதய டாக்டர், வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். அண்ணனோ, "அதெல்லாம் வேணாம்ப்பா, மாத்திரையே போதும்னுட்டாங்க" என்கிறான். உனக்கு ஏதாவது தெரியுமா?

இப்படிக்கு
உன் அப்பா இளையபெருமாள்

---

சிங்கப்பூர்
14.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். சின்னக் குறை: அம்மா படத்துக்கு மாலை மாற்றினீர்களா, ஆடு குட்டி போட்டதா, ஒன்றும் எழுதவில்லை.

வால்வைப் பற்றி நானும் அண்ணனும் பேசித்தான் முடிவு செய்தோம். எழுபத்து மூன்று வயதில் எதற்கு அந்த வேதனை? முதலில் குடல்புண் ஆறட்டும். வீட்டிலேயே இருங்கள், அலையாதீர்கள். குடல்புண்ணுக்குக் காரம் ஆகாது.

அன்புடன்
செம்மொழி

---

பேராவூரணி
29.8.2025

பாப்பா,

மாலை மாற்றினேன். ஆடு இரண்டு குட்டி போட்டது. உன் கடிதத்தை ஆறு தரம் படித்தேன். குடல்புண் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், சித்திரையில் என் வயிற்றைச் சோதித்த மாடியில் ஒரு பலகை உண்டு. அப்போது அது எனக்கு வெறும் நீலக் கோடு. போன மாதம் அண்ணன் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அதை எழுத்துக் கூட்டினேன். பு, ற், று. அடுத்து நோ, ய். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. அவ்வளவு நீளமான சொல்லை அதற்கு முன் தனியாகப் படித்ததில்லை. அர்த்தம் பிறகுதான் வந்தது.

கோபம் ஒரு நாள் இருந்தது. இப்போது இல்லை.

புதன்கிழமை அண்ணனிடம் சொல்லாமல் என் கூட்டாளி சிங்காரவேலுவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, இதய டாக்டரைப் பார்த்தேன். "எனக்குக் குடல்ல புற்றுநோயாமே. அது இருக்கறவங்களுக்கு வால்வு மாத்தினா பொழைப்பாங்களா?" என்றேன்.

"யாரு பெரியவரே உங்களுக்குச் சொன்னது?"

"உங்க பலகைதான்."

அவர் சிரித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். புற்றுநோய் உள்ளவர்களும் வால்வு மாற்றுவதை அநேகமாக மற்றவர்களைப் போலவே தாங்குகிறார்களாம். அதற்கப்புறம் எத்தனை வருஷம் என்பது அந்த நோயைப் பொறுத்ததாம். ரத்தக் கசிவுக்குப் பயம் உண்டு, பார்த்துக்கொள்வோம் என்றார். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே வைப்பார்கள். இப்படியே விட்டால் குடல் கட்டியை எடுக்க மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. "ரெண்டுல இப்ப வால்வுதான் முந்துது" என்றார்.

மாற்றிக்கொள்ளப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கூட இருக்க வருவாயா என்று கேட்கிறேன்.

அப்பா

---

சிங்கப்பூர்
8.9.2025

அப்பா,

தெரிந்தால் நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிடுவீர்கள் என்று நினைத்தோம். உண்மையில் பயந்தது நாங்கள். இருக்கிற நாளை ஆஸ்பத்திரியில் கழிக்க வைக்க வேண்டாம் என்று, உங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டோம். மன்னித்துவிடுங்கள். அண்ணனிடம் பேசிவிட்டேன். பதினெட்டாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன்.

செம்மொழி

---

சிங்கப்பூர்
29.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தபால் வர நாளாகும் என்பதால் இதை எழுதிப் படம் பிடித்து, சிங்காரவேலு சித்தப்பா போனுக்கு அனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ரகசியம் தங்கும்.

வால்வு மாற்றிய பிறகு குடலில் எடுத்த கட்டியின் ரிப்போர்ட் எனக்கு மெயிலில் வந்தது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் நோய், உங்களுக்குத்தான் முதலில். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பக்கத்திலிருந்த நெறிக்கட்டிகள் இரண்டில் பரவியிருக்கிறது. ஆறு மாதம் கீமோ போட வேண்டும். இதயம் இப்போது அதைத் தாங்கும் என்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

செம்மொழி

---

பேராவூரணி
4.12.2025

அன்பு மகள் செம்மொழிக்கு,

சிங்காரவேலு போனை நீட்டி, "என்னடா எழுதியிருக்கா ஒம்பொண்ணு?" என்றான். படித்துக் காட்டினேன். ரகசியம் போயிற்று. "பரவால்லடா, உங்கிட்ட நேரா சொல்லியிருக்கா பாரு" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கெட்ட செய்திதான். ஆனால் என் பெயருக்கு வந்த செய்தி.

கீமோ போட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை ஆரம்பம். நேற்று நம் வயலின் மேற்கு வரப்பை ஒரே மூச்சில் சுற்றி வந்தேன். பயிர் நல்ல பச்சை.

அண்ணனிடம் நானே சொன்னேன். மத்தியானம் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். கை கழுவி வந்ததும் சொன்னேன். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். போதவில்லை என்றான். மறுபடி போய் மொண்டு வந்தேன். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

உன் அப்பா
இளையபெருமாள்