மணலில் தேய்த்த காம்பு

சேரன்மகாதேவி,
1908 ஜூன் 9.

தம்பி எலியேசருக்கு அக்காள் சாரம்மாள் எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீயும் எஸ்தரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது.

போன மாதம் பாளையங்கோட்டைக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாயாம். தாது வருஷப் பஞ்சத்தில் அக்காளும் நீயும் திருட்டு மாம்பழம் தின்று உயிர் பிழைத்தீர்களாம். அந்தச் சேற்றிலிருந்து ஆண்டவர் உன்னைத் தூக்கி உபாத்தியாயர் ஆக்கினாராம். கூட்டத்துக்குப் போய்வந்த ஞானையா ஆற்றுத்துறையில் இத்தனை பெண்கள் நடுவில் வைத்துக் கேட்டான்: "ஏ சாரம்மா, கீழ விழுந்ததத்தான் எடுப்பேன்னு பெரும பேசுவியே, ஒன் தம்பி சபையில எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டாம்லா!" எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். உன் சிலேட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். ஆனால் திருடி அல்ல. மரத்தில் இருப்பது தோப்புக்காரருடையது, தரையில் விழுந்தது குனிந்து எடுக்கிறவருடையது. இந்த ஒரு சட்டத்தில்தான் உன்னை வளர்த்தேன். கூலி வேலை கிடைக்காத நாளில் இன்றும் அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. சாரம்மாள் வந்தால் எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று முப்பது வருஷமாக எல்லாத் தோப்பிலும் விட்டார்கள். நேற்று போனால், காவல்காரர் சொரிமுத்து தோப்புப் படலைச் சாத்திக்கொண்டு நிற்கிறார். "கோவப்படாதிய அக்கா. மொதலாளி விடக் கூடாதுன்னுட்டாரு. ஒங்க தம்பியே சொல்லியிருக்காராம்லா" என்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வா. இந்த ஊர்க் கோயிலில் எழுந்து நின்று, என் அக்காள் ஒரு பழமும் பறித்ததில்லை என்று சொல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு உண்டு. சொல்லாமல் வந்தால் வாசற்படி மிதிக்காதே.

சாரம்மாள்.


பாளையங்கோட்டை,
1908 ஜூன் 17.

தாயாயிருந்து என்னை வளர்த்த அக்காளுக்கு, எலியேசர் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்து எஸ்தர் அழுதுவிட்டாள். நான் இரண்டு நாள் பாடம் நடத்தவில்லை. உங்களைக் குற்றப்படுத்த எண்ணிச் சொன்னதல்ல அக்கா. கூட்டத்தில் நிற்கும்போது நெடுநாள் மனதில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. சொன்ன சாட்சியை மாற்றிச் சொல்ல என்னால் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

மழைக்கு முன்னால் இங்கே வந்துவிடுங்கள். பின்கட்டு அறை காலியாகத்தான் கிடக்கிறது. இந்த வயதில் மரத்துக்கு மரம் அலைந்து வயிறு கழுவ வேண்டுமா? வண்டிக்காரர் பலவேசத்திடம் ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தை அரிசியின் மேல் காட்டவேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டும்போதெல்லாம் உங்கள் நினைவுதான்.

உங்கள் எலியேசர்.


சேரன்மகாதேவி,
1908 ஜூலை 4.

எலியேசருக்கு,

மூட்டையைக் கட்டு அவிழ்க்காமல் அதே வண்டியில் ஏற்றிவிட்டேன். "யக்கா, இம்புட்டுத் தூரம் கொண்டாந்துருக்கேன், ஒரு படியாவது எடுத்துக்கிடுங்க" என்று பலவேசம் கெஞ்சினார். பிறகு காளையிடம், "வாலே, எனக்கு வாச்ச பிடிவாதக்காரன் நீ ஒருத்தன் போதாதுன்னு இந்த அக்கா வேற" என்று முனகிக்கொண்டு போனார். முனகட்டும்.

தோப்பு இல்லாவிட்டால் சாலை இருக்கிறது. விடிந்ததும் நாவல் மரத்தடிக்குப் போகிறேன். காக்கை கொத்தாததை ஓலைக் கொட்டானில் எடுத்து ரயிலடியில் கொடுத்தால் அன்றையக் கூழுக்குக் கேழ்வரகு கிடைக்கும். கொத்தியது எனக்கு. கேழ்வரகு கிடைக்காத நாளில் நாவல் மட்டுந்தான். துவர்ப்பு தொண்டையை இறுக்குகிறது, தண்ணீர் குடித்து இறக்குகிறேன். சாலை மரம் யாருக்கும் சொந்தமில்லை. அதிலும் ஒரு கிளையை உலுக்கியதில்லை.

நீ மறந்திருப்பாய். நினைப்பூட்டுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போன பிறகு, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தேன். எனக்குப் பதினாறு, உனக்கு எட்டு, தங்கை இன்பமணிக்கு நாலு. ஒருநாள் நான் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தபோது மணியின் கையில் இரண்டு மாம்பழம். காம்பைப் பார்த்தேன், பால் கசிந்துகொண்டிருந்தது. தானாக விழுந்த பழத்தின் காம்பு காய்ந்திருக்கும். பறித்ததுதான் பால் வடிக்கும். யார் கொடுத்தது என்றேன், அவள் சொல்லவில்லை. கையை நீட்டினேன், கொடுத்துவிட்டாள். அழவில்லை. இரண்டையும் தோப்புக்காரர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரத்தில் காய்ச்சல் கண்டு கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டார். களவு தின்னாமல் போனாள் என்பது ஒன்றுதான் எனக்கு இந்நாள்வரை ஆறுதல். அந்தப் பழத்தைத் திருப்பி வைத்த என்னைத்தான் நீ சபை நடுவில் திருடி என்றாய்.

ஏன் என்று கேட்காதே என்கிறாய். கேட்கிறேன். பதில் எழுது.

சாரம்மாள்.


பாளையங்கோட்டை,
1908 ஆகஸ்டு 1.

அக்கா,

நாலு தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இந்தத் தரம் கிழிக்கப்போவதில்லை.

அந்த இரண்டு பழத்தையும் பறித்து மணியிடம் கொடுத்தவன் நான். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தாள். காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் தலை என் மடியில் கிடந்தது, நெற்றியில் என் கை இருந்தது. சுடவில்லை அக்கா.

அவளைப் புதைத்த பிறகு நீங்கள் எழுந்திருக்கவில்லை. நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். காவல்காரர் மத்தியானம் கஞ்சிக்குப் போகிற நேரத்தில் மரம் ஏறினேன். காம்பை ஆற்று மணலில் தேய்த்துத் தேய்த்துப் பால் போகக் காயவைத்து, விழுந்து கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் ஒவ்வொன்றையும் திருப்பிக் காம்பைப் பார்த்துவிட்டுத்தான் தின்றீர்கள். பழம் ஓய்கிறவரையில், ஒரு மாதத்துக்கு மேல், அதைத் தின்றுதான் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

திருடினவன் நான். சபையில் அதைத் தனி ஒருவனாகச் சொல்லத் தைரியம் இல்லாமல் உங்களையும் சேர்த்துச் சொன்னேன். அது என் இரண்டாவது களவு.

நீங்கள் கேட்டபடியே வருகிறேன். சேரன்மகாதேவிக் கோயிலில் நின்று, அக்காள் பறிக்கவில்லை, நான்தான் பறித்தேன் என்று சொல்லுகிறேன். ஆனால் ஏன் பறித்தேன் என்று கேட்பார்கள். கேட்டால் மணி எப்படிப் போனாள் என்பதையும் சொல்லவேண்டி வரும். இனிப் பாதி உண்மை சொல்ல என்னால் முடியாது. வரட்டுமா? நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

எலியேசர்.


சேரன்மகாதேவி,
1908 அக்டோபர் 25.

எலியேசருக்கு,

உன் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நீ பிறகு எழுதிய மூன்றும் வந்தன. அவற்றைப் பிரிக்கவில்லை.

நீ வரவேண்டாம். கோயிலில் ஒன்றும் சொல்லவேண்டாம். ஊர் சொல்லுகிறபடியே இருக்கட்டும். இப்போது ஆற்றுத்துறையில் ஞானையா ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்லுகிறதில்லை. "என்னக்கா, வாய் அடைச்சுப் போச்சா?" என்று அவனே இரண்டு நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டான்.

பழம் பொறுக்கப் போகிறதில்லை. சொரிமுத்து மனம் இரங்கி, முதலாளியிடம் பேசிவிட்டேன், வாருங்கள் என்றார். அவர் முகத்துக்காகப் போனேன். விழுந்து கிடந்த ஒரு விளாம்பழத்தை எடுக்கக் குனிந்தேன், கை போகவில்லை. திரும்பிவிட்டேன். நெல் குத்துகிற வேலை கிடைத்திருக்கிறது. தவிடும் நொய்யும் கொடுக்கிறார்கள். போதும்.

களவு களவுதான். கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன், வேறு பேச்சு எனக்கு வராது. சொல்லுகிறபோதே, நீட்டின என் கையில் அவள் இரண்டு பழத்தையும் வைப்பது தெரிகிறது. தோப்புக்காரர் வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன் எலியேசர். அவர் வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவேளை மாடு தின்றிருக்கும்.

உன் மேல் கோபம் இல்லை. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யவில்லை. ஆனால் உன் வீட்டுக்கு வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்து ஒரு பிடி சோறு என்னால் தின்ன முடியாது. பிள்ளைகளிடம் அத்தை செத்துப்போனாள் என்று சொன்னாலும் சரி, பிடிவாதக்காரி என்று சொன்னாலும் சரி.

இனிமேல் கடிதம் எழுதாதே. அரிசி அனுப்பாதே. ஒன்று மட்டும். அந்த நாலு நாளும் நான் தோப்புகளில் அலைந்துகொண்டிருந்தேன், அவளோடு இருந்தவன் நீதான். அந்த நேரத்தில் அவள் அந்தப் பழத்தைக் கேட்டாளா, கேட்கவில்லையா என்பது உனக்கு மட்டுந்தான் தெரியும்.

அதை எனக்கு எழுதிவிடாதே.

சாரம்மாள்.