ஃப்யூ டேஸ் என்றால் எத்தனை நாள்?

என்னங்க,

பேக்கரிக்குக் கிளம்பிவிட்டேன். ரொட்டி டப்பாவில் இருக்கிறது.

உங்கள் அக்கா ‘ஃப்யூ டேஸ்’ இருக்கிறேன் என்று வந்து இன்றோடு பதினோரு நாள். “ஃப்யூன்னா மூணு, மிஞ்சிப்போனா நாலு”ன்னு நேற்று உங்களிடம் கத்தினேன் அல்லவா, அது அடுத்த அறையில் அவருக்குக் கேட்டிருக்கிறது. விடியற்காலையிலேயே பெட்டியை அடுக்கிப் பூட்டிவிட்டார். அப்புறம் எப்போதும்போல எனக்கு டீ போட்டு, “ஆறிடப்போகுது, குடி” என்று நீட்டினார். இந்த வீட்டில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டுக் கொடுத்தவர் வேறு யார்? நீங்களா?

அவரை பஸ் ஏற்றிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். மதியமே வந்துவிடுவேன்.

மறந்துவிட்டேன்: “ஃப்யூ டேஸ் இன்னும் முடியலையாம்”னு அக்காவிடம் சொல்லுங்கள். பெட்டிச் சாவியை இருவரும் தேட வேண்டாம். என் கைப்பையில் இருக்கிறது.