மூன்றாவது பத்தி

மார்ச் 3
பதினான்காவது மாடிக்குக் குடிவந்து பத்து நாள். புறநகர் வீட்டை விற்றது ஒரே காரணத்துக்காக: பெரிய ஆஸ்பத்திரி எதிர்த்தெருவில் இருக்கிறது. என் மனைவி, இவளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இங்கே லிஃப்டில் இறங்கி நடந்தால் ஆறு நிமிடம். "பாத்தீங்களா, இன்னைக்கு மூச்சே வாங்கல" என்றாள். வீட்டை விற்றதற்கு இன்றுதான் மனசு ஆறியது.

மார்ச் 19
நகர மையத்துக்குப் புத்துயிர் கொடுக்கிறார்களாம். எதிரே பழைய கிடங்குகளை இடிக்கிறார்கள். சாப்பிடும் தட்டிலும் புழுதி.

ஏப்ரல் 6
டயாலிசிஸ் முடிந்து வந்து மதியம் கண்ணயர்வாள். ஆம்புலன்ஸ் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுகிறாள், ஒரு மணி நேரத்தில் நான்கு முறை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டில் ஒரு மனுவை நீட்டினார். "சைரன் தொல்லை சார். எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி." போட்டேன். பழைய தெருவில் விளக்கு மனுவுக்கும் குழாய் மனுவுக்கும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டியதை உட்கார்ந்து படிப்பது மரியாதையா?

ஜூன் 21
ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள். இங்கே கடைகள் வரும். எங்கே போகிறது? எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலுக்கு! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஜூன் 22
நகராட்சிக்கு ஓடினேன். கிளார்க் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதானே சார் கேட்டீங்க?"

எங்கள் கட்டடத்து மனு. முதல் பத்தி, சைரன். இரண்டாவது, நெரிசல். மூன்றாவது: மருத்துவமனையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுகிறோம். கீழே என் கையெழுத்து.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஊரார் எழுதியதில் ஒரு காற்புள்ளி தப்ப விட்டதில்லை.

இவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 9
டயாலிசிஸ் பிரிவைத்தான் முதலில் மாற்றினார்கள், திடலில் ஒரு தற்காலிகக் கட்டடத்துக்கு. மறுபடி பஸ், மறுபடி ஒன்றரை மணி நேரம். அங்கேயே வாடகைக்குப் போகலாமென்றால், ஆஸ்பத்திரி வருகிறது என்று ஒரு அறை விடாமல் பிடித்துவிட்டார்கள். பழைய வீடு வழியில்தான் இருக்கிறது. "நம்ம கேட்டுக்குப் பச்சை அடிச்சிருக்காங்க" என்றாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 2
மனுவில் நான் போட்ட கையெழுத்தைப் பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு டிக்கெட்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "என் தூக்கத்துக்காகத்தானே போட்டீங்க" என்றாள். நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 17
"இன்னைக்கு ஒருநாள் விட்டுடலாங்க. உடம்பு பஸ்ஸுக்குத் தாங்காது." டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்றாள். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18
காலையிலிருந்து அவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி நாற்பது நிமிடம். அவள் கை என் இடது கையில். எழுதாவிட்டால் இருப்புக்கொள்ளவில்லை. சத்தமே கேக்கலியே — கத்திக்கிட்டு வாங்கய்யா, தெருவே முழிச்சுக்கட்டும், வாங்க —

மார்ச் 11
தெரு அமைதியாக இருக்கிறது.

செயலாளர் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது தயங்கி ஒரு தாளை நீட்டினார். குடியிருப்போர் விவரப் படிவம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

ஒரே ஒரு பிழை. எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே 'இருவர்' என்று அச்சாகியிருந்தது. அதை அடித்து, ஓரத்தில் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.