முப்பது பேரைத் தாங்கும் என்றேன்

ஆவணி 9, திங்கள்.

எங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் முப்பது திரைகளுக்கும் ஒரே சர்வர். அது தாங்கும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஐந்து பேர் ஒற்றை விரலால் தட்டிச் சோதித்தோம், சர்வரில் ஏறிய சுமையை ஆறால் பெருக்கினேன். வெறுங்கையோடு ஐந்து பேரை ஏற்றிப் பார்த்து, சந்தை நாள் பஸ்ஸுக்கு இடம் கணித்தது போல.

இன்று தட்டச்சு வேலைக்கான தேர்வு. இங்கே பயின்ற முப்பது பெண்களும் ஒன்றாக, வேகமாகத் தட்டினார்கள். இருபதாவது நிமிடத்தில் எல்லாத் திரைகளும் நின்றன. தேர்வு வைக்க வந்தவர், வேறு ஊரில் ஆள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

"அடிச்சதெல்லாம் போயிட்டா சார்?" என்றாள் புதூர் செல்வி.

"போயிட்டும்மா. தப்பு என்னுதுதான்."

"விடுங்க சார். நாளைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்கே குச்சி அடுக்கப் போறேன். அங்கன எத்தன பேரு வந்தாலும் வேல நிக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.