பெயர் எழுதாத தாள்

நவம்பர் 12, புதன் இரவு

இன்று கல்லூரியில் குற்றவியல் ஆசிரியை ஆளுக்கொரு தாள் தந்தார். ‘பொலிஸுக்குச் சொல்லாத குற்றம் ஏதாவது உங்கள் வீட்டில் யாருக்காவது நடந்ததா?’ ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். பெயர் எழுதத் தேவையில்லை.

போன மாதம் டோர்வலில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற அப்பாவை இரண்டு பேர் தள்ளி விழுத்திவிட்டு, ஃபோனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். முறைப்பாடு செய்வோம், இந்த ஊர்ப் பொலிஸோடு பிரெஞ்சில் நானே கதைக்கிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன்.

“விடு பிள்ளை. பேந்து என்னைத்தான் துருவித் துருவிக் கேப்பினம். ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை,” என்றார், முழங்கையில் ஐஸ் கட்டியை வைத்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்பிடி எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தா ஆருக்கப்பா தெரியப்போகுது?” என்று கத்தினேன். மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆசிரியை தாள்களை எண்ணினார். நான்கு பேர்தான் ஆம். பெயர் கேட்காவிட்டாலும் சிலர் மறைப்பார்கள் என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் ‘இல்லை’யில்தான் புள்ளடி போட்டிருந்தேன்.

அப்பாவையாவது பொலிஸ் துருவிக் கேட்டிருக்கும். பெயரே இல்லாத தாளில் என்னை யார் கேட்டிருப்பார்கள்?